விற்றவர் செய்ய வேண்டிய வேலை

பழைய செல்போனில் புதிய லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, ஏற்றுவதைப் பற்றி இப்போது ஓர் அறப்போரைப் போலப் பேசுகிறார்கள். போனைத் துவக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து, மாற்று ஆண்ட்ராய்டான கஸ்டம் ரோம் ஏற்றுங்கள். கை தேர்ந்தவர் என்றால் ஆண்ட்ராய்டே இல்லாத லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போடுங்கள். பத்து வருடத்துப் போன் இன்றைய கெர்னலில் ஓடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மின்கழிவுக் கூடங்களுக்குப் போகிற சரக்கு பாதியாகக் குறையும் என்கிறார்கள். காணொளிகளில் கிளம்பிய இந்தப் பேச்சு கல்லூரிக் கருத்தரங்குகள் வரை வந்துவிட்டது. போனுக்கு வயதாகவில்லை, அதன் மென்பொருளுக்குத்தான் வயதாகிவிட்டது, அதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது வாதத்தின் சாரம். முதல் பாதி உண்மை. பின்பாதியோடுதான் எனக்குப் பல காலமாகச் சண்டை.

வேலையின் அருமையில் சந்தேகமில்லை. கெர்னல் பழசானால் என்ன ஆகும் என்பதற்கு 2019 அக்டோபரில் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழு வெளிப்படுத்திய, கெர்னலின் பைண்டர் பகுதியில் இருந்த ஓட்டையே போதும். அந்த ஓட்டை 2018 பிப்ரவரியிலேயே லினக்ஸின் 4.14 கிளையில் அடைக்கப்பட்டிருந்தது. அடைப்பு போன்களுக்குப் போய்ச் சேரவில்லை. கூகுளின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் 2 கூட ஒன்றரை வருடத்துக்கு மேல் திறந்தே கிடந்தது. கெர்னல் பழசாக இருந்தால் புதிய ஆண்ட்ராய்டும் ஏறாது. ஆண்ட்ராய்டு 12 இபிபிஎஃப் என்ற கெர்னல் வசதியை நம்பி எழுதப்பட்டதால், 2022இல் வந்த லீனியேஜ்ஓஎஸ் 19 என்ற கஸ்டம் ரோம் பழைய போன்கள் பலவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. போனுக்குப் பத்தாண்டு ஆயுள் என்ற இலக்கோடு 2017இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களின் நோக்கம் நேர்மையானது. ஒரு மாணவர் ஒரே ஒரு பழைய போனில் கெர்னலை ஏற்றிப் பார்த்தால், நான்கு செமஸ்டர் பாடப்புத்தகம் தராத அறிவு அவருக்குக் கிடைக்கும்.

புதியது என்றாலே பத்திரம் என்ற நம்பிக்கை மட்டும் கொஞ்சம் அடங்கினால் நல்லது. 2022இல் உலகத்தைப் பதறவைத்த டர்ட்டி பைப் ஓட்டை 5.8 கெர்னலோடு பிறந்தது. 3.10இலும் 3.18இலும் ஓடிக்கொண்டிருந்த பழைய போன்களை அது தொடவே இல்லை. ஆனாலும் இது சின்னக் குறை. பெரிய குறை வேறு.

அதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜிஎன்டி சாலையில் வடக்கே போனால் ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா, அதையொட்டி ஸ்ரீசிட்டி. சியோமி இந்தியாவில் தயாரித்த முதல் போனான ரெட்மி 2 ப்ரைம் அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகி, 2015 ஆகஸ்டில் 6,999 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. வரும்போதே அதன் கெர்னல் 3.10. அந்தக் கிளை 2013 ஜூனில் வெளியானது. அதன் கடைசி வெளியீடான 3.10.108 வந்தது 2017 நவம்பரில். அத்தோடு கிளை மூடப்பட்டது. இரண்டு வருடப் பழைய கெர்னலோடு பிறந்து, கடைக்கு வந்த இரண்டேகால் வருடத்தில் நாதியற்றுப் போன போன் அது.

அதே ரெட்மி 2 குடும்பத்துக்கு இன்று மெயின்லைனில், அதாவது லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் மூல லினக்ஸிலேயே, இடம் இருக்கிறது. 3.10இல் முடிந்துபோன போன் 6ஆம் வரிசைக் கெர்னலில் எழுந்து உட்காருகிறது. ஆர்வலர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள்; நியாயம்தான். ஆனால் அதே வருடம் அதே விலைக்கு விற்ற எத்தனையோ போன்களுக்கு ஏன் இந்த வாழ்வு கிடைக்கவில்லை என்று கேட்டால் கொண்டாட்டத்தின் சுருதி இறங்கிவிடும்.

விடை சில்லில் இருக்கிறது. ரெட்மி 2இல் இருப்பது ஸ்னாப்டிராகன் 410. இதே சில்லை வைத்து 2015இல் டிராகன்போர்டு 410சி என்ற பலகையை குவால்காம் கொண்டுவந்தது. அது பொறியாளர்களுக்கான பலகை. அதை வாங்குபவர் மூல லினக்ஸை எதிர்பார்ப்பார். ஆகவே லினாரோ அமைப்பின் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அந்தச் சில்லின் டிரைவர்களை மூல லினக்ஸில் சேர்த்தார்கள். தன்னார்வலர்கள் அந்த அஸ்திவாரத்தின் மேல் நின்றுதான் ரெட்மியின் திரையையும் தொடுதிரைக் கட்டுப்பாட்டையும் பேட்டரி அளவியையும் இணைத்தார்கள். இந்த இயக்கம் பெருமையோடு காட்டுகிற மற்ற போன்களின் கதையும் இதுவே. ஒன்பிளஸ் 6இல் உள்ள ஸ்னாப்டிராகன் 845க்கும் இப்படி ஒரு பொறியாளர் பலகை இருந்தது. 2009இல் வந்த நோக்கியா என்900இல் இருந்தது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சில்லு; அந்த நிறுவனமும் நோக்கியாவும் தங்கள் டிரைவர்களை மூல லினக்ஸுக்கே அனுப்பிவந்தன. சில்லு நிறுவனம் தன் வேலையைச் செய்த இடத்தில் ஆர்வலர் ஜெயிக்கிறார். செய்யாத இடத்தில் அவர் இரவு இரவாக உட்கார்ந்தாலும் கேமரா வேலை செய்யாது, ஒலி வராது, பேட்டரி நிற்காது. மலிவு விலைச் சில்லுகள் போட்ட எண்ணற்ற போன்களுக்கு இந்தப் பட்டியலில் பெயரே இல்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் ஒன்று இன்றும் உயிரோடு இருந்தால், பென்டிரைவில் இன்றைய டெபியனைப் போட்டுச் செருகினால் போதும், இன்றைய கெர்னல் ஏறிவிடும். பூட்லோடரைத் திறக்க அனுமதி கேட்க வேண்டாம். அந்த மாடலுக்கென்று யாராவது தனிக் கெர்னல் சமைத்து வைத்திருக்கிறாரா என்று தேட வேண்டாம். கணினி உலகில் சில்லு செய்பவர் டிரைவரை மூல லினக்ஸுக்கே கொடுத்துவிடுகிறார். கருவிக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்பதைக் கருவியின் ஃபர்ம்வேரே கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. போன் உலகில் சில்லு நிறுவனம் ஒரு பழைய கிளையை எடுத்துக்கொண்டு, பல லட்சம் வரிகளைத் தன் கிடங்குக்குள்ளேயே எழுதிச் சேர்த்து, போன் நிறுவனத்திடம் தள்ளிவிடுகிறது. போன் நிறுவனம் அதன் மேல் இன்னோர் அடுக்கு பூசுகிறது. மாடல் விற்றுத் தீர்ந்ததும் இரண்டு பேரும் இடத்தைக் காலி செய்துவிடுகிறார்கள்.

ஆக, நான்கு வருடம் மூத்த இலவச மடிக்கணினி பிழைத்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய போன் தடுமாறுகிறது. வயதுக்கு இதில் பங்கே இல்லை. ஒன்றில் செய்ய வேண்டியவர் தன் வேலையைச் செய்தார், மற்றதில் செய்யவில்லை. என் ஆட்சேபம் முழுவதும் இதில் அடங்கிவிடும். பழைய போனில் கெர்னல் மாற்றும் வேலை, விற்றவர் செய்ய வேண்டியதை வாங்கியவர் தலையிலும் சம்பளமில்லாத தன்னார்வலர் தலையிலும் கட்டுகிறது. அப்படிக் கட்டுவதை விடுதலை என்றும் சொல்லிக்கொள்கிறது.

அந்தச் சுமை யார் தலையில் வந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பழைய போன் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. மேசை இழுப்பறைக்குள் மூன்றாவது போனாக வைத்திருப்பவர் ஒரு வகை. அவருக்கு இது விளையாட்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலையிலோ தேர்வாய்கண்டிகையிலோ ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கும் ஒடிசாக்காரரும் பீகார்காரரும், மீஞ்சூரிலிருந்தும் கவரப்பேட்டையிலிருந்தும் ஷிஃப்டுக்கு வருகிற நம் ஊர்ப் பெண்களும் இரண்டாம் வகை. அவர்களிடம் இருப்பது ஒரே போன். சம்பளம் வந்த செய்தி அதில் வருகிறது, ஊருக்குப் பணம் அதில் போகிறது, மேஸ்திரி அதில்தான் கூப்பிடுகிறார். மின்கழிவைக் குறைப்பதாகச் சொல்கிற வாதம் உண்மையாக வேண்டுமென்றால் இந்த இரண்டாம் வகையினரின் போன்தான் இன்னும் மூன்று வருடம் ஓட வேண்டும்.

அந்தப் போனில் மெயின்லைன் கெர்னலைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். 2016இல் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. இந்தப் பழைய போன்களில் பேச்சு முழுக்க 4ஜி வழியே போகும் வோல்ட்டிதான். மெயின்லைனில் ஓடும் பழைய போன்களில் பெரும்பாலானவற்றில் வோல்ட்டி வேலை செய்வதில்லை. அதாவது ஜியோ சிம் போட்ட போனில் கெர்னல் புதிது, ஆனால் ஹலோ சொல்ல முடியாது. யுபிஐ செயலிகள் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் எழுதப்பட்டவை; அதுவும் போயிற்று. 2025 ஆகஸ்டிலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண்ணை உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் உருவாக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் தொழிலாளியின் பழைய போன் எந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மெயின்லைன் வேண்டாம், ஆண்ட்ராய்டோடு வருகிற கஸ்டம் ரோம் போடலாமே என்பார்கள். அதற்கும் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தோற்கும். வங்கிச் செயலிகள் பல அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆர்வலர்களிடம் இதற்கும் மருந்து உண்டு: மேஜிஸ்க் என்ற கருவியைப் போடு, ஒரு மாட்யூலைச் சேர், சோதனையை ஏமாற்று. இந்த மாதம் ஏமாறும், அடுத்த மாதம் ஏமாறாது. பாதுகாப்புக்காகக் கெர்னலை மாற்று என்று ஆரம்பித்த பேச்சு, மாதச் சம்பளம் இருக்கிற போனில் வங்கியை ஏய்க்கக் கற்றுக்கொள் என்று முடிகிறது. இதை ஒரு தொழிலாளிக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

இத்தனையும் பட்ட பிறகு கிடைக்கிற பாதுகாப்பும் அரைப் பாதுகாப்புதான். கெர்னலுக்குக் கீழே மோடத்தின் ஃபர்ம்வேர் இருக்கிறது; பாதுகாப்புக்கெனத் தனியே ஓடும் டிரஸ்ட்ஸோன் இருக்கிறது; இவை சில்லு நிறுவனத்தின் அல்லது போன் நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமல் மாறாதவை. கெர்னல் இந்த வருடத்தது என்றாலும் செல்போன் கோபுரத்தோடு பேசுகிற மோடத்தின் நிரல் விற்றவர் கடைசியாகக் கொடுத்ததே. ஸ்னாப்டிராகன் 410 போட்ட சில சாம்சங் போன்களில் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் 32 பிட்டை மட்டுமே அனுமதிக்கிறது. சில்லு 64 பிட், கெர்னல் 64 பிட்டுக்குத் தயார், போன் நம்முடையது; சாவி மட்டும் நம்மிடம் இல்லை. வீட்டுக்குப் புது வர்ணம் அடிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு வாசல் பூட்டின் சாவியை அவர்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதுவுமே இல்லாததற்கு இது மேல் இல்லையா என்பதே இந்த இயக்கத்தின் கடைசி அரண். மேல்தான், ஆர்வலருக்கு. சந்தைக்கு அது மேல் இல்லை, ஏனென்றால் இது விற்பவருக்குச் சாக்காகிறது. பூட்லோடரைத் திறக்க அவர்களிடமே கணக்குத் தொடங்கி, விண்ணப்பித்து, 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்ன நிறுவனத்துக்கு, திறக்கவாவது விட்டார்களே என்று நாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி கெர்னலின் மூலநிரலைக் கொடுத்தே ஆக வேண்டிய நிறுவனங்கள், அதைத் தாமதமாக, வரலாறு நீக்கிய ஒற்றை மூட்டையாக இறக்கிவைத்தாலும் ஆர்வலர்களுக்கு உகந்த நிறுவனம் என்று பட்டம் கொடுத்தோம். உரிமத்தின்படி தர வேண்டியதைத் தானமாக வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டோம். மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு பாதுகாப்பு அடைப்பையும் கையால் பொருத்தி, ஒரு மாடலை மூன்று வருடம் தாங்கிப் பிடித்த தன்னார்வலர் ஒரு நாள் வேலை கிடைத்தோ திருமணம் ஆகியோ விலகிக்கொள்கிறார். அன்றைக்கு அந்தப் போன் இரண்டாம் முறை அநாதையாகிறது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் எதையும் விற்கவில்லை.

விற்றவரைக் கேள்வி கேட்க வேண்டிய சட்டமோ வேறு பக்கம் பார்க்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கு வைக்கின்றன: முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டுக்கு 70, அதன் பிறகு 80. செத்த போனை எவ்வளவு எடையில் உடைக்க வேண்டும் என்ற கணக்கு அது. போன் சாகாமல் இருக்க எத்தனை வருடம் மென்பொருள் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அவ்வப்போது ஆண்ட்ராய்டு ஓட்டைகளைப் பட்டியலிட்டு, உங்கள் நிறுவனம் தரும் புதுப்பிப்பை உடனே நிறுவுங்கள் என்று எச்சரிக்கிறது. நிறுவனம் தருவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எச்சரிக்கையில் பதில் இருக்காது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மேயில் கொடுத்த பழுதுபார்ப்புக் குறியீட்டுப் பரிந்துரையில் மென்பொருள் புதுப்பிப்பையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்திருக்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் அளவுகோல் என்பது மதிப்பெண், கட்டாயம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்று விதி செய்தது. அதிலும் புதுப்பிப்புகளை வழங்கினால் என்று ஒரு நிபந்தனையை நுழைத்து ஓட்டை வைத்துவிட்டார்கள். ஓட்டையோடு இருந்தாலும் அந்த விதி சரியான ஆளை நோக்கி விரல் நீட்டுகிறது. நம் ஆர்வலர் இயக்கம் வாங்கியவரைப் பார்த்து நீயே மாற்றிக்கொள் என்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்து ஏரி ஒன்றை நீர்வளத் துறை தூர்வாராமல் விட்டு, ஊர் இளைஞர்கள் மண்வெட்டி எடுத்துத் தூர்வாரினால் மாலை போடலாம். அதைக் காட்டி, இனி ஏரிகளை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள், துறைக்கு நிதி வேண்டாம் என்று ஒருவர் எழுதினால் அவரை என்ன சொல்வோம்? பழைய போனில் புதிய கெர்னல்தான் மின்கழிவுக்குத் தீர்வு என்று எழுதுபவர் அதைத்தான் எழுதுகிறார்.

விற்பவரைப் பணியவைக்க முடியாது என்பதும் பொய். க்ரோம்புக் மடிக்கணினிகளைப் பாருங்கள். அவற்றுக்கான சில்லின் டிரைவர்கள் மூல லினக்ஸுக்குப் போக வேண்டும் என்பதில் கூகுள் பிடிவாதமாக இருந்தது. விளைவு, போன் சில்லுகளில் மூலநிரலைக் கொடுக்கவே கஞ்சத்தனம் காட்டிய மீடியாடெக், க்ரோம்புக் சில்லுகளுக்கு மெயின்லைன் ஆதரவைத் தானே கொண்டுவந்து சேர்த்தது. 2023 செப்டம்பரில் க்ரோம்புக்குகளுக்குப் பத்து வருடப் புதுப்பிப்பு என்று கூகுளால் அறிவிக்க முடிந்தது. வாங்குகிற கை பெரிதாக இருந்து, அந்தக் கை கறாராகவும் இருந்தால், நடக்காது என்று சொன்ன வேலை நடந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு கை இருக்கிறது. காக்களூரில் தொடங்கிய திட்டத்துக்குக் கருவி வாங்கிய அரசு நிறுவனமான எல்காட்தான் அது. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. இந்த அளவுக்கு வாங்குகிற அரசு, டெண்டரில் நினைவகமும் திரை அளவும் கேட்பதோடு நிற்கக் கூடாது. சில்லுக்கு மூல லினக்ஸில் ஆதரவு இருக்க வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருடம் எந்த மாதம் வரை என்பது பெட்டியின் மேல் அச்சிடப்பட வேண்டும். அந்தத் தேதி முடிந்ததும் பூட்லோடர் சாவி வாங்கியவர் கைக்கு வர வேண்டும். இந்த மூன்றையும் நிபந்தனையாக எழுதினால், ஆயிரம் ஆர்வலர்கள் பத்து வருடத்தில் சாதிக்க முடியாததை ஒரு டெண்டர் சாதிக்கும். நம் லினக்ஸ் குழுக்கள் பழைய போன்களோடு மல்லுக்கட்டும் நேரத்தில் பாதியை இந்த மூன்று வரிகளை அரசிடம் கேட்பதற்கு ஒதுக்கட்டும்.

கெர்னலை மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் மாற்றட்டும். அது நல்ல படிப்பு. அதை ஏழையின் போனுக்கு மருந்து என்று மட்டும் விற்க வேண்டாம். போனுக்குக் காசு வாங்கியவர்தான் அதன் கெர்னலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.